சொந்தமாகத் தொழில் செய்யும் வணிக ஆலோசகர் ரெஸ்யூமேயை எப்படி எழுதுவது?

ஓர் ஆலோசகர் என்னிடம் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டுகள் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் செயல்பாட்டுப் பிரிவில் வேலை. அதன்பின் எட்டு ஆண்டுகளாகச் சொந்தமாக வணிக ஆலோசனை. இப்போது ஒரு நடுத்தர நிறுவனம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆலோசகர் தேடுகிறது, ரெஸ்யூமே அனுப்பச் சொல்கிறது. எழுதிப் பார்த்தால் நான்கு பக்கத்துக்கு நீள்கிறது, படித்தால் கிளையன்ட் பட்டியல் மாதிரி இருக்கிறது. போதாததற்கு, பாதி கிளையன்ட்களின் பெயரை வெளியே சொல்ல முடியாது. என்ன செய்வது?

இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். ஆலோசகராக என் ரெஸ்யூமேயை அனுப்பியதும் உண்டு, மற்ற ஆலோசகர்களின் ரெஸ்யூமேக்களைப் படித்து ஆள் எடுத்ததும் உண்டு. ஆள் எடுக்க உட்கார்ந்தவருக்கு, 'சுயதொழில், ஆலோசகர்' என்று பார்த்ததும் இரண்டு சந்தேகங்கள் வரும். இது நிஜமாகவே நடந்த தொழிலா, இல்லை வேலை இல்லாத காலத்துக்கு வைத்த கௌரவமான பெயரா? நிஜம்தான் என்றால், இவர் போன இடத்தில் ஏதாவது மாறியதா, இல்லை ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டு வந்துவிட்டாரா?

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு முதல் சந்தேகமே எழாது. நிறுவனத்தின் பெயரும் பதவியும் அவருக்குச் சாட்சி சொல்லிவிடும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் உங்கள் ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு வரியும் இந்த இரண்டு சந்தேகங்களில் ஒன்றையாவது தீர்க்க வேண்டும். தீர்க்காத வரியை எடுத்துவிடுங்கள். நான்கு பக்கம் இரண்டாகச் சுருங்க இந்த ஒரு அளவுகோலே போதும்.

முதலில், படிக்கப்போவது யார் என்று தெளிவாக இருங்கள். ஆலோசகரின் ரெஸ்யூமேயைப் பெரும்பாலும் மூன்று வகை ஆட்கள் படிக்கிறார்கள். ஒருவர், தன் பிரச்சினையைத் தீர்க்க ஆள் தேடும் கிளையன்ட். இன்னொருவர், உங்களை நிரந்தர வேலைக்கு எடுக்க நினைக்கும் நிறுவனத்தின் ஹெச்.ஆர். மூன்றாமவர், டெண்டர் மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர். ஒரே ரெஸ்யூமே மூன்று பேருக்கும் சரிவராது.

ஹெச்.ஆருக்கு உங்கள் திறமையில் அவ்வளவு சந்தேகம் இருக்காது. 'இத்தனை வருஷம் தனக்குத்தானே முதலாளியாக இருந்தவர் இங்கே ஒரு மேலாளருக்குக் கீழே நிலைப்பாரா?' என்பதுதான் அவர் கவலை. அவருக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் குழுவோடு செய்த வேலைகளும், ஒரே கிளையன்டிடம் நீண்ட காலம் இருந்த வேலைகளும் மேலே வர வேண்டும். டெண்டர் குழுவுக்கு உங்கள் எழுத்து நடை பற்றியெல்லாம் கவலை கிடையாது, தகுதிப் புள்ளிதான் கணக்கு. உதாரணமாக, உலக வங்கி நிதியில் நடக்கும் ஆலோசனைப் பணிகளின் டெண்டர் ஆவணத்தில் ஆலோசகர் விவரத்துக்கென்றே டெக்-6 என்று ஒரு படிவம் இருக்கிறது. இந்த நாட்டில், இந்தக் காலத்தில், இந்தப் பொறுப்பில் இருந்தேன் என்று வரிசையாக நிரப்ப வேண்டும். கீழே, சொன்னதெல்லாம் உண்மை, தவறாகச் சொல்லியிருந்தால் தகுதி இழக்க நேரிடும் என்பதைப் புரிந்துகொண்டேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். அங்கே உங்கள் இரண்டு பக்க ரெஸ்யூமேயை இணைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படிவம் கேட்ட வரிசையில் கேட்டதை எழுதுவதோடு சரி.

உங்களுடையது முதல் வகை, அதாவது கிளையன்ட். அதனால் இனி சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

இதற்கெல்லாம் அடிப்படையாக, வெளியே அனுப்பாத முழுப் பட்டியல் ஒன்றை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகளில் செய்த ஒவ்வொரு பணியும் அதில் இருக்கட்டும்: எப்போது, யாருக்கு, யார் கூப்பிட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தீர்கள், பிறகு என்ன ஆனது. பழைய இன்வாய்ஸ்களையும் மின்னஞ்சல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மறந்துபோனதெல்லாம் திரும்ப வரும். இன்வாய்ஸைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தேதி விஷயத்தில் நம் நினைவை நம்ப முடியாது, இன்வாய்ஸை நம்பலாம். அனுப்பும் ரெஸ்யூமே ஒவ்வொன்றும் இந்தப் பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்ததாக இருக்க வேண்டும்.

சரி, பக்கத்தின் மேல்பகுதிக்கு வருவோம். பெயர், அதன் கீழே என்ன செய்பவர் என்று ஒரு வரி, அதன் கீழே நான்கைந்து வரிச் சுருக்கம். பெயருக்குக் கீழே 'நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி' என்று போடாதீர்கள். ஒரே ஆள் நடத்தும் தொழிலில் தலைமைச் செயல் அதிகாரி என்ற பட்டத்தைப் பார்த்தால் படிப்பவர் உள்ளுக்குள் சிரிப்பார். 'சுயாதீன வணிக ஆலோசகர், செயல்பாடும் சரக்கு மேலாண்மையும்' என்பது போதும். பதிவு செய்த நிறுவனப் பெயர் இருந்தால் அனுபவப் பகுதியில் அதைப் போடுங்கள், தனி ஆளாக நடத்துகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தனி ஆள் என்பது குறையே இல்லை. பெரிய கன்சல்டிங் நிறுவனத்தைக் கூப்பிட்டால் பேச வருபவர் ஒருவர், வேலை செய்ய வருபவர் வேறொருவர் என்று சலித்துப்போனவர்கள்தான் உங்களைத் தேடி வருகிறார்கள்.

சுருக்கத்தில் பலரும் சறுக்குகிறார்கள். 'முடிவுகளை நோக்கி உழைக்கும், சிறந்த தகவல் தொடர்புத் திறன் கொண்ட, அனுபவமிக்க ஆலோசகர்' என்ற வரியில் ஒரு தகவலும் இல்லை. இதற்கு நேர்மாறான ஆள் யாராவது தன்னைப் பற்றி எழுதுவாரா என்று யோசித்துப் பாருங்கள். 'சுமாரான தகவல் தொடர்புத் திறன் கொண்டவன்' என்று எவரும் எழுதப்போவதில்லை. அப்படியென்றால் அந்த வரியை எழுதிப் பயனில்லை. அந்த இடத்தில் எந்த அளவு நிறுவனங்களோடு, எந்த மாதிரிச் சிக்கலில், எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உதாரணமாக:

"குடும்பத்தினர் நடத்தும் நடுத்தர உற்பத்தி, விநியோக நிறுவனங்களில் சரக்கு, கொள்முதல், உற்பத்தித் திட்டமிடல் சிக்கல்களைத் தீர்க்கும் ஆலோசகர். 8 ஆண்டுகள் சுயாதீனமாகவும் அதற்கு முன் 10 ஆண்டுகள் தொழிற்சாலைச் செயல்பாட்டுப் பொறுப்பிலும் இருந்தவர். பெரும்பாலான பணிகள் முந்தைய கிளையன்ட்கள் மீண்டும் அழைத்ததாலோ அவர்கள் பரிந்துரைத்ததாலோ வந்தவை."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆலோசகரின் தொழில் உண்மையானது என்பதற்கு, திரும்பக் கூப்பிட்ட கிளையன்டைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. வேலை பிடிக்காத ஆளுக்கு யாரும் இரண்டாவது முறை பணம் கொடுப்பதில்லை. ஆச்சரியம் என்னவென்றால், நான் படித்த ரெஸ்யூமேக்களில் இதை எழுதியவர்கள் மிகக் குறைவு. உங்கள் விஷயத்தில் உண்மையாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதா, மூன்று மாத வேலை ஓராண்டு ஆனதா, ஒரு நிறுவனத்தின் நிதி இயக்குநர் வேறு நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்தும் உங்களைக் கூப்பிட்டாரா, எல்லாமே ரெஸ்யூமேயில் வர வேண்டிய செய்திகள்தான்.

அடுத்தது அனுபவப் பகுதி. எட்டு ஆண்டுச் சுயதொழிலை ஒரே பதிவாக வையுங்கள். மேலே உங்கள் தொழில் பெயர், தொடங்கிய ஆண்டு, 'இன்று வரை'. அதற்கு உள்ளே தேர்ந்தெடுத்த பணிகள். ஒவ்வொரு கிளையன்டையும் தனி வேலை மாதிரி எழுதினால் நான்கு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அடிக்கடி வேலை மாறுபவர் தோற்றம் வந்துவிடும். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரே பதிவாக வைத்தால் இரண்டு ப்ராஜெக்டுக்கு நடுவே வந்த இடைவெளிகளும் கண்ணை உறுத்தாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழில் அந்த மாதங்களிலும் நடந்துகொண்டுதானே இருந்தது. ஆனால் நிஜமாகவே ஓராண்டு தொழிலை நிறுத்தி வைத்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நேரில் கேட்டபின் சொல்வதைவிட முன்பே சொன்னது நல்லது.

எத்தனை பணிகளை எழுதுவது? ஐந்து அல்லது ஆறு. இந்தக் கிளையன்டின் பிரச்சினைக்கு எது நெருக்கமோ அதுதான் முதலில் வர வேண்டும், காலவரிசை இரண்டாம்பட்சம். பெரிய பெயர் என்பதற்காக ஒன்றை மேலே ஏற்றாதீர்கள். பெரிய நிறுவனத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு எடுத்ததைவிட, சிறிய நிறுவனத்தில் ஏழு மாதம் உட்கார்ந்து ஒன்றைச் சரிசெய்தது கனமானது.

ஒரு பதிவை எப்படி எழுதுவது என்பதுதான் இதில் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நான் அடிக்கடி பார்க்கும் வகை இது:

"உதிரிபாக விநியோக நிறுவனம் ஒன்றுக்குச் சரக்கு மேலாண்மை மற்றும் செயல்முறை மேம்பாட்டில் ஆலோசனை வழங்கினேன். பல்வேறு தரப்பினருடன் இணைந்து பணியாற்றி உத்திகளை வகுத்தேன்."

இலக்கணம் சரி, ஆனால் இதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எவ்வளவு பெரிய நிறுவனம்? என்ன ஆகிவிட்டது என்று உங்களைக் கூப்பிட்டார்கள்? கூப்பிட்டது யார்? எத்தனை நாள் அங்கே இருந்தீர்கள்? உங்கள் கையால் செய்தது எது? நீங்கள் கிளம்பும்போது என்ன வேறாக இருந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை போட்டால் அதே பதிவு இப்படி மாறும் (விவரங்கள் என் கற்பனை):

"வாகன உதிரிபாக விநியோகம், 2 கிடங்குகள், சுமார் 9,000 பொருள் வகைகள், 7 மாதங்கள், வாரம் 2 நாள். சரக்கில் பணம் முடங்கியும் கேட்ட பாகம் இல்லாமல் ஆர்டர்கள் திரும்பிக்கொண்டிருந்த நிலையில் நிதி இயக்குநர் அழைத்தார். 18 மாத விற்பனைத் தரவைப் பிரித்துப் பார்த்து, ஓராண்டாக அசையாத சரக்கைப் பட்டியலிட்டு, மறுகொள்முதல் அளவுகளைப் புதிதாக வகுத்தேன். கொள்முதல் குழுவுடன் வாராந்திர மறுஆய்வுக் கூட்டத்தைத் தொடங்கி, அவர்களே நடத்தும் வரை உடனிருந்தேன். ஒப்பந்தம் முடிந்தபோது சரக்கு மதிப்பு 22% குறைந்திருந்தது. முழுமையாக அனுப்பப்பட்ட ஆர்டர்கள் 81%-இலிருந்து 93% ஆகியிருந்தன. அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறது."

இதில் சதவீதங்கள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அனுபவப்பட்டவர் கவனிப்பது வேறு மூன்று இடங்களை. 'நிதி இயக்குநர் அழைத்தார்' என்பது நீங்கள் எந்த மட்டத்தில் பேசிப் பழகியவர் என்பதைக் காட்டுகிறது. 'வாரம் 2 நாள்' என்பது நேர்மையைக் காட்டுகிறது, முழுநேரம் இருந்த மாதிரி ஊதிப் பெருக்கவில்லை. 'அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறது' என்பது நீங்கள் போனபிறகும் உங்கள் வேலை நிலைத்து நின்றதைக் காட்டுகிறது. ஆலோசகர் கிளம்பிய மறுமாதமே எல்லாம் பழையபடி ஆகிவிட்ட கதையைப் பார்க்காத நிறுவனம் அரிது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உங்களை நேரில் கூப்பிடுவார்கள்.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஆலோசகர் சொல்கிறார், செய்வது கிளையன்ட். அப்படியிருக்க விளைவுக்கு எவ்வளவு உரிமை கொண்டாடலாம்? 'வருவாயை 40% உயர்த்தினேன்' என்று எழுதினால் எதிரே இருப்பவர் உடனே கேட்பார்: அந்த ஆண்டு விலையை ஏற்றினார்களா? சந்தையே வளர்ந்ததா? விற்பனைக் குழுவில் ஆள் சேர்த்தார்களா? அதைவிட ஆபத்து, அவர் உங்கள் பழைய கிளையன்டுக்குப் போன் போடுவது. 'நல்ல யோசனைகள் சொன்னார், ஆனால் அந்த வளர்ச்சி எங்கள் விற்பனை ஆட்கள் செய்தது' என்று அந்தக் கிளையன்ட் சொல்லிவிட்டால், ரெஸ்யூமேயில் மீதி இருக்கும் உண்மைகளும் சேர்ந்தே அடிபடும்.

அதனால் வினைச்சொல்லில் கறாராக இருங்கள். பரிந்துரைத்தேன், வடிவமைத்தேன், நடைமுறைப்படுத்தும்போது உடனிருந்தேன், பொறுப்பேற்று நடத்தினேன் ஆகிய நான்கும் வெவ்வேறு வேலைகள். எதைச் செய்தீர்களோ அதை எழுதுங்கள். பரிந்துரையோடு நின்ற பணி என்றால், 'பரிந்துரைத்த மூன்றில் இரண்டை நிர்வாகம் ஏற்று நடைமுறைப்படுத்தியது' என்று எழுதலாம். மூன்றில் இரண்டு என்பது மூன்றுக்கு மூன்றைவிட நம்பும்படியாகவும் இருக்கிறது. விளைவைச் சொல்லும்போது 'உயர்த்தினேன்' என்பதற்குப் பதில் 'அந்தக் காலத்தில் இவ்வளவு உயர்ந்தது' என்று எழுதினால், பங்கு பிரிப்பதைப் படிப்பவரிடமே விட்டுவிடுகிறீர்கள். அவர் உங்களுக்குக் கொடுக்கும் பங்கு பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும்.

எண்ணே இல்லாத பணிகள் இருக்குமே, அவற்றுக்கு? முதலில், கேட்டுப் பாருங்கள். முடிந்துபோன பணியின் கிளையன்டுக்குப் போன் செய்து, 'அப்போது செய்தது இப்போது எப்படிப் போகிறது?' என்று விசாரிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண் கிடைக்கும், சில சமயம் அடுத்த வேலையும் கிடைக்கும். எண் கிடைக்காவிட்டால் வேறு ஆதாரம் இருக்கும்: இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டது, நீங்கள் எழுதிய நடைமுறைக் கையேட்டை மற்ற கிளைகளும் எடுத்துக்கொண்டன, வங்கி அந்தத் திட்ட அறிக்கையை வைத்துக் கடன் கொடுத்தது. எண் இல்லாத இடத்தில் எண்ணை உருவாக்காதீர்கள். '25% திறன் மேம்பாடு' மாதிரி எதைப் பொறுத்தது என்றே தெரியாத சதவீதம் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒன்றைப் பலரும் ரெஸ்யூமேயில் போடாமல் விட்டுவிடுகிறார்கள்: 'வேண்டாம்' என்று சொன்ன பணிகள். புதிய சந்தையில் இறங்கலாமா என்று ஆராயக் கூப்பிட்டார்கள், ஆராய்ந்துவிட்டு இறங்காதீர்கள் என்றீர்கள், அவர்களும் இறங்கவில்லை. காட்டுவதற்கு எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் ஆலோசகருக்குப் பணம் கொடுப்பதே இதற்காகவும்தான். 'இரண்டாவது தொழிற்சாலைத் திட்டத்தின் தேவைக் கணிப்பை மறுஆய்வு செய்தேன். கணிப்பு ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்ததைக் காட்டியபின் நிர்வாகம் முதலீட்டைத் தள்ளிவைத்தது' என்று ஒரு பதிவு இருந்தால், கிளையன்ட் கேட்க விரும்புவதை மட்டும் சொல்லும் ஆள் இல்லை நீங்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் ஆறில் ஒன்று இப்படி இருக்கலாம்.

இப்போது ரகசியப் பிரச்சினை. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை எடுத்து மறுபடி படியுங்கள். 'எதுவும் சொல்லக் கூடாது' என்று நினைவில் இருக்கும், படித்துப் பார்த்தால் சில ஒப்பந்தங்களில் தகவல்தான் ரகசியமாக இருக்கும், உறவு ரகசியமாக இருக்காது. சிலவற்றில் பெயரையோ லோகோவையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்த எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கும். சிலவற்றில் ஒப்பந்தம் இருப்பதையே சொல்லக் கூடாது. ரகசியக் கடமை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கேட்பதென்றால் 'உங்கள் பெயரைப் பயன்படுத்தலாமா?' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பதில் சொல்ல யோசிப்பார்கள், சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அது அங்கேயே கிடக்கும். ரெஸ்யூமேயில் போடப்போகும் வரிகளை அப்படியே ஒட்டி, 'இதைப் போடலாமா? பெயர் வேண்டாமென்றால் கீழே இருக்கிற பெயரில்லாத வடிவத்தைப் போடுகிறேன்' என்று இரண்டையும் அனுப்புங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது என்பதால் பதில் சீக்கிரம் வரும்.

பெயரில்லாமல் எழுதும்போது தொழில் வகை, அளவு, உரிமை வகை போதும்: 'குடும்பத்தினர் நடத்தும் பேக்கேஜிங் நிறுவனம், சுமார் 300 ஊழியர்கள்'. ஆனால் அந்தத் துறையில் இருப்பதே இரண்டு மூன்று நிறுவனங்கள் என்றால், இந்த விவரமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது விவரத்தை ஒரு படி மங்கலாக்குங்கள்: 'பேக்கேஜிங்' என்பது 'உற்பத்தி' ஆகட்டும், '300' என்பது '200 முதல் 500 வரை' ஆகட்டும். பணத்தொகைகளை விகிதமாக மாற்றிவிடுங்கள். ரகசியம் என்ற சாக்கில் எண்ணைக் கூட்டி எழுதுவது மட்டும் கூடாது, மங்கலாக்குவது வேறு, மாற்றுவது வேறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நேர்முகத்தில் 'எங்களிடம் மட்டும் சொல்லுங்களேன், அது எந்த நிறுவனம்?' என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சொல்லாதீர்கள். அவர்களுடைய கணக்கு வழக்குகளும் நாளை உங்கள் கையில் இருக்கப்போகின்றன, நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்வார்கள்.

இதே காரணத்துக்காக, ரெஸ்யூமேயை மெருகேற்ற ஏஐ கருவிகளிடம் கொடுப்பவர்கள் கிளையன்ட் பெயரையும் உள் எண்களையும் அப்படியே ஒட்டாமல் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி அதுவும் வெளியாள் ஒருவரிடம் தகவலைக் கொடுத்ததாகவே கருதப்படலாம். மெருகேற்றிக் கிடைக்கும் நடையும் எனக்குப் பிடிப்பதில்லை, பத்து ரெஸ்யூமே படித்தால் பத்திலும் ஒரே குரல் கேட்கிறது. எழுத்துப்பிழை பார்க்க, நீளம் குறைக்கப் பயன்படுத்துங்கள், போதும்.

முந்தைய பத்தாண்டு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. பழையது என்று அதை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். சொல்லிவிட்டுப் போகாமல், இறங்கிச் செய்தும் பழகியவர் என்பதற்கு அதுதான் சான்று. எத்தனை பேர் உங்களுக்குக் கீழே இருந்தார்கள், எவ்வளவு பெரிய வரவு செலவுக்குப் பொறுப்பு, எந்த ஆண்டு எந்தப் பதவிக்கு உயர்ந்தீர்கள் என்று ஐந்தாறு வரி கொடுங்கள். அதற்கும் முந்தைய வேலைகள் இருந்தால் பெயரும் ஆண்டும் போதும்.

சான்றிதழ்களை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் போடுங்கள். பிஎம்பி (திட்ட மேலாண்மைச் சான்று), சிக்ஸ் சிக்மா (தர மேம்பாட்டுச் சான்று) போன்றவை ஆள் எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, ரெஸ்யூமேயில் விளக்கம் வேண்டாம். மேலாண்மை ஆலோசகர்களுக்கென்றே சிஎம்சி என்று ஒரு சான்று பல நாடுகளில் உண்டு. இருந்தால் பெயருக்கு அருகிலேயே போடலாம். ஆலோசனைப் பணியை எப்படி ஒப்பந்தமிட்டு, நடத்தி, முடிப்பது என்பதற்கு ஐஎஸ்ஓ 20700 என்ற வழிகாட்டி 2017-இல் வந்தது. அதைப் பின்பற்றி வேலை செய்பவர் என்றால் குறிப்பிடலாம், பின்பற்றாமல் பெயரை மட்டும் போட்டால் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு மணி நேர இணைய வகுப்புச் சான்றிதழ்களை எடுத்துவிடுங்கள்.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-இல் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வில், ஆள் எடுப்பவர்கள் ஒரு ரெஸ்யூமேயை முதல் முறை பார்க்கச் செலவிட்ட நேரம் சராசரியாக 7.4 விநாடி. அது வேலைக்கு ஆள் எடுப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு, ஆலோசகர் தேடும் இயக்குநர் இன்னும் கொஞ்சம் நிதானமாகவே படிப்பார். ஆனாலும் முதல் பார்வையில் முதல் பக்கத்தின் மேல்பாதிதான் விழும், உங்கள் மிகச் சிறந்த பணி அங்கே இருக்கட்டும். பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல் மேலிருந்து கீழாக ஓடும் எளிய அமைப்பு, ஒரே எழுத்துரு, புகைப்படமோ திறமைக்கு நட்சத்திரக் குறியோ வேண்டாம். 'எக்செல் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்' என்றால் யார் கொடுத்த நட்சத்திரம்? நேரடியாக ஒரு நபருக்கு அனுப்பும்போது பிடிஎஃப், இணையப் படிவம் வழியாக என்றால் அவர்கள் கேட்கும் வகை. தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் தலைப்புப் பட்டைக்குள் (ஹெடர்) வைக்காதீர்கள், சில வடிகட்டும் மென்பொருள்கள் அங்கே இருப்பதைப் படிப்பதில்லை. கோப்பின் பெயர் 'கடைசி_திருத்தம்_3' என்று போகாமல் உங்கள் பெயரோடு போகட்டும்.

கட்டணத்தை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். வேலையின் அளவு தெரியாமல் சொல்லும் கட்டணம் உங்களுக்கோ அவர்களுக்கோ நஷ்டத்தில்தான் முடியும். 'பரிந்துரையாளர்கள் விவரம் கோரினால் தரப்படும்' என்ற வரியும் வேண்டாம், கோரினால் தருவீர்கள் என்பது அவர்களுக்கே தெரியும். கிளையன்ட்களின் போன் எண்களையும் அச்சிடாதீர்கள், அந்தக் கோப்பு யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் பேசத் தயாராக இருக்கும் மூன்று பேரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பற்றி எழுதிய பதிவையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். போன் வரும்போது நீங்கள் 22% என்று எழுதியிருக்க, அவர் 'பத்துப் பதினைந்து இருக்கும்' என்று சொல்லக் கூடாதல்லவா. அதேபோல லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கும் ஆண்டுகளும் ரெஸ்யூமேயில் இருக்கும் ஆண்டுகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயோடு போகும் மின்னஞ்சல் சின்னதாக இருக்கட்டும். அவர்கள் சொன்ன பிரச்சினையை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு வரியில் திரும்பச் சொல்லுங்கள். அதற்கு நெருக்கமான இரண்டு பதிவுகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சுட்டுங்கள். அப்புறம், அரை மணி நேரம் பேச எந்த நாள் வசதி என்று கேளுங்கள்.

வேலையை எங்கே தொடங்குவது என்றால், எழுதுவதற்கு உட்காரும் முன் அந்த அனுமதி மின்னஞ்சல்களை இன்றே அனுப்பிவிடுங்கள். நீங்கள் இரண்டு மாலையில் எழுதி முடித்துவிடலாம், கிளையன்டின் பதில் வரத்தான் ஒன்றிரண்டு வாரம் ஆகும். பதில் வராத இடங்களில் பெயரில்லாத வடிவத்தோடு அனுப்புங்கள், அதுவே போதும்.